மோட்டார் ரூமில் இருக்கிற பை

எழுதச் சொன்னவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதுக்கப்புறம் பேனா பிடித்தது ரேஷன் கடையில் கையெழுத்துப் போடத்தான். இப்போது அதுவும் இல்லை, ரேகை வைத்தால் போதும் என்கிறார்கள். முன்னே நடந்ததைப் பின்னே சொல்லுவேன், பின்னே நடந்ததை முன்னே சொல்லுவேன். பாதி மறந்தும் போச்சு. ஆனால் நான் எதையெதைச் சந்தேகப்பட்டேனோ அது மட்டும் ஒண்ணுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. நம்ம ஊர் நூலகத்தில் கூடுகிற பெண்கள் போடப்போகிற புத்தகத்துக்கு என்னிடம் வந்து கேட்டாக. சமையல் குறிப்பு எழுதட்டுமா என்றேன். இல்லை, உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள் என்றாக. எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கம்பத்துக்குப் பக்கம். வீட்டில் நானும் என் மருமகளும் மட்டும். என் மகன் தவறிப்போய் சில வருசம் ஆகிவிட்டது. பேத்தி கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். கொஞ்சம் திராட்சைப் பந்தல் இருக்கிறது, ஒரு கிணறு, அதுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் ரூம். மருமகளுக்குப் பிறந்த ஊர் மார்க்கையன்கோட்டை. அண்ணன் தம்பி அங்கன இருக்கிறார்கள். புருசனும் இல்லை, பிள்ளையும் பக்கத்தில் இல்லை, இந்தக் கிழவியோட நான் ஏன் கிடக்கணும் என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றும், தோன்றினால் போய்விடுவாள். இதுதான் எனக்குள்ளே ஓடிக்கொண்டே இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் இருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வேன்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்.

"அத்தை, நாளையிலருந்து நான் கம்பத்துக்குப் போறேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்."

"எதுக்குத்தா?"

"சும்மாதான்."

சும்மா யாராவது பஸ் ஏறுவார்களா? திராட்சைக்கு மருந்தடிக்க இங்கிலீஷ் எதுக்கு? நான் அதுக்குமேல் கேட்கவில்லை, கவனிக்க ஆரம்பித்தேன். புதுச்செருப்பு வாங்கியிருந்தாள். பழைய செருப்பு நல்லாத்தான் இருந்தது. போன் வந்தால் குழாயடிக்குப் போய்ப் பேசினாள். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு அங்கன போனால், "சரி, அப்பறம் பேசுறேன்" என்று வைத்தாள். மாவாட்டும்போது தனக்குத்தானே "யெஸ் மேடம், நோ மேடம், தேங்க்யூ மேடம்" என்று சொல்லிக்கொண்டாள். யாருக்கு யெஸ், யாருக்கு நோ?

நேரடியாகக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். எங்கள் பக்கத்தில் வீட்டை விட்டுக் கிளம்புகிற ஆளை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது. போகிற காரியம் விளங்காது. கேட்டே ஆகணும் என்றால் "தூரமா?" என்போம். "பக்கந்தான்" என்பார்கள், இல்லாவிட்டால் "ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்பார்கள். அதோடு சரி. என் மாமியார் என்னைக் கேட்டதில்லை, நான் என் மருமகளைக் கேட்டதில்லை. கேட்கக் கூடாது என்றால் கூடவே போய்ப் பார்க்கலாம் அல்லவா?

"நானும் வாரேன்" என்றேன். "வரும்போது இருட்டிரும்ல. துணைக்கு."

"எனக்கென்ன அத்தை பயம்? பாதி ஊரு அந்த பஸ்ஸுலதான வருது."

"வரட்டும். நானும் வாரேன்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

கிளாஸ் ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில். படி ஏறும்போதே யூரியா வாடை. பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தார்கள். சொல்லிக்கொடுக்கிற பொம்பளைக்கு என் மருமகளைவிட வயசு குறைவுதான், ஆனால் எல்லாரும் மிஸ் மிஸ் என்றார்கள், அதனால் நானும் மிஸ் என்றே சொல்கிறேன். தேனியிலிருந்து வந்து போறாக. உரத்த குரல். படிக்க வந்தவர்களில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஒருத்தர், செல்போன் கடையில் வேலை பார்க்கிற பிள்ளை, காலேஜ் பிள்ளைகள் சிலபேர், அப்புறம் ஜீப் ஓட்டுகிற ஒரு ஆள். இவரை எனக்குத் தெரியும். இவருடைய அப்பா ஓட்டின ஜீப்பில் நானும் ஒருகாலத்தில் குமுளிக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போனவள். இப்போது இவர் வெள்ளைக்காரர்களைத் தேக்கடிக்குக் கூட்டிப்போகிறாராம். அதனால் இங்கிலீஷ் வேணுமாம். மலையாளம் ஏற்கெனவே தண்ணி பட்ட பாடு.

கதவோரத்தில் கடைசி சேரில் உட்கார்ந்தேன். ஓடணும் என்றால் வசதி. மிஸ் விடவில்லை.

"பாட்டிம்மா, உக்காந்து பாக்குறதுன்னா பாக்கலாம். ஆனா கேட்டா பதில் சொல்லணும். வாட் இஸ் யுவர் நேம்?"

இது எனக்குப் புரிந்தது. ஆனால் எதுக்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமல் யாராவது பேரைச் சொல்லுவார்களா? பக்கத்து வீட்டுக்காரி பேரைச் சொன்னேன். (அந்தப் பேரை இங்கன எழுத மாட்டேன். அவளும் இந்தப் புத்தகத்தைப் படிப்பாள்.)

ஜீப்காரர் திரும்பிப் பார்த்தார். "ஆத்தா, அது ஒங்க பக்கத்து வீட்டு அக்கா பேருல்ல?"

"ஒனக்கென்னலே? நீ வண்டிய ஒழுங்கா ஓட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டேன். கடைசிவரைக்கும் அந்தக் கிளாஸில் எனக்கு அந்தப் பேர்தான்.

அடுத்து வீடு எங்கே, வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வரிசையாகக் கேள்வி. தினமும் பேசுகிற பேச்சாம் இது. திருடன்கூட இவ்வளவு விவரம் கேட்க மாட்டான். ரெண்டு பொம்பளைகள் தனியாக இருக்கிற வீடு என்று ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால் சொல்லுவதா? என்னிடம் கேட்டபோது "டென்" என்றேன். வீட்டில் பத்துப் பேர். கொஞ்ச நேரம் கழித்து மருமகளிடம் அதையே கேட்டாக. அவள் "டூ" என்றாள்.

மிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டாக. "என்னங்க இது, ஒங்க மாமியார் பத்துங்குறாக, நீங்க ரெண்டுங்குறீக?"

என் மருமகள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "மிச்ச எட்டுப் பேரும் வெளியூர்ல இருக்காக மிஸ்."

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் பஸ்ஸில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். எம்புட்டு வேகமாக வருகிறது இவளுக்குப் பொய்!

அப்படியே சில நாள் போனது. ஒருநாள் கிளாஸ் முடிந்து படி இறங்கும்போது ஜீப்காரர் அவளிடம் தணிந்த குரலில் சொன்னது காதில் விழுந்தது. "சேச்சி ஒத்துக்கிட்டாக. நீங்க எப்ப வாறீகன்னுதான் கேக்குறாக." நான் பின்னால் வருவதைப் பார்த்ததும், "என்ன ஆத்தா, படி பாத்து எறங்குங்க" என்றார். எந்த மலையாளத்துச் சேச்சி? எதுக்கு ஒத்துக்கொண்டாள்? எங்கே வரச் சொல்கிறாள்?

அடுத்த கிளாஸில்தான் அந்தப் பாடம். ரெண்டு பேர் வழியில் பார்த்துக்கொள்கிறார்கள், ஒருத்தர் "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கேட்கணும். எங்கே போறீக என்று அர்த்தம் சொன்னாக மிஸ். எனக்கு வாயை அடக்க முடியவில்லை.

"அதைக் கேக்கக் கூடாதும்மா."

ஹார்டுவேர் கடைக்காரர் தலையாட்டினார். "ஆத்தா சொல்றது சரிதான் மிஸ். நான் கடைக்குக் கெளம்பும்போது யாராவது கேட்டா, திரும்ப உள்ள போய்த் தண்ணி குடிச்சிட்டுத்தான் கெளம்புவேன்."

"எங்க வீட்டுலயும் கேக்க மாட்டாகதான்" என்று மிஸ் சிரித்தாக. "இங்கிலீஷ்ல கேட்டா ஒண்ணும் ஆகாது. கேளுங்க."

எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் என் மருமகளையும் ஜீப்காரரையும் முன்னால் வந்து பேசச் சொன்னாக. அவர் கேட்டார், இவள் சொன்னாள். முழுசாக எனக்குப் புரியவில்லை. ஆனால் கொச்சின் புரிந்தது. டுமாரோ மார்னிங் புரிந்தது. பேக் ரெடியா என்று அவர் கேட்டதும், ரெடி என்று இவள் சொன்னதும், ஜீப்பும் ரெடி என்று அவர் சொன்னதும் புரிந்தது. சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். என் மகன் போனபிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இத்தனை பேர் முன்னால் பச்சையாகப் பேசிக்கொள்கிறார்களே, எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியந்தானே என்று நினைத்தேன். சேச்சி ஒத்துக்கொண்டாள், நாளைக்குக் காலையில் ஜீப், கொச்சின். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்திப்போனது. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிக்கும்போது அவளே வாயைத் திறந்தாள்.

"அத்தை, அந்தப் பெரிய பேக்கு சிலாப்புலதான கெடக்கு?"

"எதுக்கு?"

"சும்மாதான். வேணும்."

அது என் மகன் வைத்திருந்த நீலப் பை. அதைத் தூக்கிக்கொண்டு அவள் போவதா? காலையில் அவள் குளிக்கப் போன நேரம் ஸ்டூல் போட்டு ஏறி அதை இறக்கினேன். எனக்கு முழங்கால் வலி, எப்படி ஏறினேன் என்று இப்போது நினைத்தாலும் தெரியவில்லை. தோட்டத்துக்குக் கொண்டுபோய் மோட்டார் ரூமில், உரச்சாக்குகளுக்குப் பின்னால் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். பை இல்லாமல் எப்படிப் போவாள் என்று பார்க்கலாம்.

வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பாதையில் ஒரு ஜீப் வந்தாலும் தலை தூக்கிப் பார்த்தேன். எல்லாம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப். நின்று ஏற்றிக்கொண்டு போயின. அவள் பாட்டுக்கு வாசல் தெளித்தாள், தோசை ஊற்றினாள். அப்புறம் சிலாப்பில் தேடினாள், கட்டிலுக்கு அடியில் தேடினாள், பீரோவுக்குப் பின்னால் தேடினாள்.

"பேக்கப் பாத்தீகளா அத்தை?"

"நான் எதுக்கு அதைப் பாக்கப் போறேன்?"

மத்தியானமும் ஜீப் வரவில்லை. பை கிடைக்காததால் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று முடிவு பண்ணினேன்.

சாயங்காலம் கிளாஸுக்குப் போனால், எல்லார் கையிலும் பை. காலேஜ் பிள்ளைகள் முதுகுப்பை. ஹார்டுவேர் கடைக்காரர் சக்கரம் வைத்த பெட்டியைப் படியில் டக்டக்கென்று இழுத்துக்கொண்டு வந்தார். ஜீப்காரர் தோளில் ஒரு பெரிய பை. அன்றைக்கு ஓட்டலில் ரூம் கேட்கிற பாடமாம். மெய்யாகவே பெட்டியோடு வந்தால்தான் பேச்சு வரும் என்று மிஸ் கொண்டுவரச் சொல்லியிருந்தாகளாம். நான் கவனிக்கவில்லை. நேற்று நான் கொச்சினிலேயே இருந்துவிட்டேன்.

என் மருமகள் கையில் கல்யாண வீட்டில் கொடுத்த ஒரு மஞ்சப்பை.

"மஞ்சப்பையோட வந்தா ஓட்டல்ல ரூம் குடுக்க மாட்டாகளே" என்றார் ஜீப்காரர். "பந்தியிலதான் எடம் குடுப்பாக."

"பெரிய பேக் கொண்டாரேன்னு சொன்னீகளே?" என்றாக மிஸ்.

"காணோம் மிஸ்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போர்டைப் பார்த்தேன். நேற்று எழுதிப்போட்டது ஓரத்தில் பாதி அழியாமல் இருந்தது. இங்கிலீஷைத் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருந்தாக, எழுத்துக்கூட்டிப் படித்தேன். கொச்சின் இருந்தது. ஜீப் இருந்தது. அதைப் பார்த்துத்தான் ரெண்டு பேரும் சொன்னார்கள். எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். அன்றைக்கென்று ஓட்டல் ஆளாக உட்கார வேண்டிய செல்போன் கடைப் பிள்ளை வரவில்லை. "பாட்டிம்மா, நீங்கதான் ஓட்டல் மேடம், இங்க வந்து உக்காருங்க" என்று மிஸ் கையைப் பிடித்து இழுத்து மேசைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டாக. ஒவ்வொருத்தராக வந்து என்னிடம் ரூம் கேட்டார்கள். "யெஸ்" மட்டும் சொன்னால் போதும் என்றாக. சொன்னேன். எல்லாருக்கும் ரூம் கொடுத்தேன்.

மருமகள் வந்தாள். மஞ்சப்பையை மேசைமேல் வைத்தாள்.

"குட் ஈவினிங் மேடம்" என்றாள். அப்புறம், பாடத்தில் இல்லாததை, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திக் கேட்டாள். "வேர் இஸ் மை பேக், மேடம்?"

ஒரு வார்த்தையும் புரியவில்லை என்று சொல்ல வழியில்லை. அத்தனையும் புரிந்தது. கை தானாக இடுப்புச் சாவிக்குப் போனது.

"மோட்டார் ரூம்" என்றேன்.

கிளாஸே சிரித்தது. "எந்த ஊரு ஓட்டல் மிஸ் இது, மோட்டார் ரூமெல்லாம் வச்சிருக்காக?" என்று ஜீப்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் மருமகள் சிரிக்கவில்லை. சாவியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, வாயை மூடியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, இத்தனை வருசம் கேட்காததைக் கேட்டேன்.

"வேர் ஆர் யூ கோயிங்?"

பாடம் படிக்கிறேன் என்று நினைத்து மிஸ் கை தட்டினாக. மருமகள் போர்டைப் பார்க்கவில்லை.

"குமுளி" என்றாள்.

"ஐ ஆம் கோயிங் டு குமுளின்னு முழுசாச் சொல்லணும்" என்றாக மிஸ்.

முழுசாகச் சொன்னாள். கடைசியில் "எவ்ரி டே" என்றும் சேர்த்தாள்.

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னாள். குமுளியில் ஏலக்காய், மிளகு விற்கிற கடை. வெள்ளைக்காரர்கள் வந்து வாங்குகிற இடம். மலையாளத்து அம்மா ஒருத்தி நடத்துகிறாள், அவள்தான் அந்தச் சேச்சி. இங்கிலீஷ் நாலு வார்த்தை பேசினால் கவுண்டரில் நிற்க வைத்துக்கொள்வாளாம். ஜீப்காரர் சொல்லிவைத்த இடம். காலையில் போய்விட்டுச் சாயங்காலம் வந்துவிடலாம்.

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"வேலை உறுதியாகட்டும், சொல்லுவோம்னு இருந்தேன். நீங்களும் கேக்கவே இல்லையே அத்தை."

"கேக்கக் கூடாதுல்ல."

"கெளம்பும்போதுதான கேக்கக் கூடாது? கஞ்சி குடிக்கும்போது கேக்கலாம்ல?"

கொஞ்ச தூரம் போனபிறகு கேட்டேன். "மழையில மலைப்பாதையில மண்ணு சரிஞ்சா?"

"அன்னைக்கு மட்டும் அங்கன தங்கிருவேன். கடைக்கு மேல ரூம் இருக்கு."

ரூம் இருக்கிறது. அப்படித்தான் ஆரம்பிக்கும். முதலில் மழைக்குத் தங்குவார்கள், அப்புறம் அலுப்புக்குத் தங்குவார்கள், அப்புறம் சும்மாவே தங்குவார்கள். நான் சொல்லவில்லை. அவளுக்கே கேட்டிருக்கும்போல.

"நான் ஒங்கள விட்டுட்டுப் போயிருவேன்னு நெனச்சீகளா?"

"காத்து அடிக்குது" என்றேன். "சன்னல சாத்து."

சாத்தினாள்.

இப்போது அவள் தினமும் குமுளிக்குப் போகிறாள். கைப்பையை எடுத்தவுடன் நான் "தூரமா?" என்பேன். "பக்கந்தான் அத்தை, குமுளி" என்பாள். கேட்காத ஊர்ப் பேரை அவளாகவே சொல்லுவாள். ஐப்பசி மழையில் ஒருநாள் பாதையில் மரம் விழுந்து, அவள் அங்கன தங்க வேண்டியதாகிவிட்டது. மறுநாள் காலையில் வந்து இறங்கினபோது, சாப்பிட்டியா என்றுகூட நான் கேட்கவில்லை. கையில் என்ன பை இருக்கிறது என்றுதான் பார்த்தேன். கொண்டுபோன பைதான்.

நீலப் பை இன்னும் மோட்டார் ரூமில்தான் இருக்கிறது. சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டேன். அவள் பையைக் கேட்கவில்லை. நானும் எடுத்து வரவில்லை. தண்ணி பாய்ச்சப் போகும்போதெல்லாம் பார்ப்பேன், எலி கடித்துவிடக் கூடாது என்று ஒரு காலிச் சாக்கைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் மோட்டார் போடப் போனேன். அந்தச் சாக்கு நாலாக மடித்து, ஓரம் ஒட்டி, பைமேல் ஒழுங்காக வைத்திருந்தது. நான் அப்படி மடிக்க மாட்டேன், அப்படியே வீசிப் போடுவேன். துணி மடிக்கிற மாதிரி சாக்கை மடிக்கிற ஆள் எங்கள் வீட்டில் ஒருத்திதான். வந்து பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, எடுக்காமல் விட்டுப் போயிருக்கிறாள். ஏன் எடுக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இதில் எது முன்னே எது பின்னே என்பதும், இங்கிலீஷ் வார்த்தைகளும் தப்பாக இருக்கலாம். அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால் என் மருமகளிடம் கொடுத்து ஒருக்கா வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள், தப்பு இருந்தால் அவள் திருத்தட்டும். அவள் திருத்தினபிறகு அந்த ஜீப் ஓட்டுகிற தம்பியிடமும் காட்டுங்கள், தனக்குத் தோதாக எதையும் மாற்றிவிட்டாளா என்று அவர் சொல்லுவார். சாக்கு விசயத்தை மட்டும் நீங்களே அவளிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். காலையில் கிளம்புகிற நேரத்தில் கேட்டுவிடாதீர்கள். கஞ்சி குடிக்கிற நேரமாகப் பார்த்து வந்து கேளுங்கள், நானும் பக்கத்தில் இருப்பேன்.